புயல் கரைக்கே வரவில்லை, வெள்ளம் எப்படி வந்தது? ஜப்பானின் 2019 இலையுதிர்காலம் பற்றி ஒரு சந்தேகம், ஒரு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் விளக்கத்துக்கு எடுத்துக்கொண்ட கேள்வி தஞ்சாவூரிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியது. அவருடைய தம்பி வேலை நிமித்தம் ஜப்பானுக்குப் போகிறார். டோக்கியோவை ஒட்டிய சிபா மாகாணத்தில் இச்சிஹாரா என்ற நகரில் தங்கப் போகிறார். அந்த ஊரைப் பற்றித் தேடிப் படித்தபோது 2019-ஆம் ஆண்டுச் செய்திகள் சகோதரியின் கண்ணில் பட்டிருக்கின்றன. அவர் கேட்கிறார்: "ஏழு வாரத்துக்குள் மூன்று முறை அதே வட்டாரம் அடிபட்டிருக்கிறது. மூன்றாவதாக அக்டோபர் 25-ஆம் தேதி வந்த புயல் கரையைத் தொடவே இல்லை, கடலோடு போய்விட்டது என்கிறார்கள். பிறகு எப்படி அவ்வளவு வெள்ளம்? அக்டோபர் என்றால் அங்கே குளிர் தொடங்கும் காலம்தானே, அப்போது இவ்வளவு மழையா? தம்பியை அனுப்பப் பயமாக இருக்கிறது."

சகோதரி, முதலில் மழையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் மழைக்காலம் ஜூன் மாதம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் 1981 முதல் 2010 வரையிலான சராசரியை எடுத்துப் பார்த்தால், டோக்கியோவில் ஜூனில் பெய்வது சுமார் 168 மில்லிமீட்டர். செப்டம்பரில் 210. அக்டோபரில் 198. ஆக, டோக்கியோ வட்டாரத்துக்கு இலையுதிர்காலம்தான் பெருமழைக் காலம். கோடை முழுவதும் பசிபிக் கடலின் மேல் அசையாமல் நிற்கும் உயர் அழுத்த மண்டலம் செப்டம்பரில் பின்வாங்கத் தொடங்கும். வடக்கிலிருந்து குளிர்ந்த காற்று இறங்கும். இரண்டும் முட்டிக்கொள்ளும் கோட்டில் நாள்கணக்கில் தூறலும் மழையும் இருக்கும். தெற்கே உருவாகும் சூறாவளிகளுக்கும் வடக்கே வளைந்து திரும்ப வழி கிடைத்துவிடும். அந்தச் சமயத்தில் கடல் இன்னும் கோடையின் சூட்டைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. நிலம் சீக்கிரம் ஆறிவிடும், கடல் ஆறாது.

நாடும் நீளமானது. அக்டோபரில் தெற்கே ஒகினாவாவின் நாஹா நகரில் சராசரி வெப்பநிலை 25 டிகிரி, வடக்கே சப்போரோவில் 12 டிகிரி. ஒரே மாதத்தில் ஒரு கோடியில் கடலில் குளிக்கலாம், மறு கோடியில் மலை உச்சியில் பனி விழுந்திருக்கும். எனவே 'ஜப்பானில் அக்டோபர் எப்படி இருக்கும்' என்று கேட்டால் எந்த ஊர் என்று திருப்பிக் கேட்கத்தான் வேண்டும்.

இப்போது இச்சிஹாராவுக்கு வருவோம். 2019 செப்டம்பர் 9-ஆம் தேதி விடியற்காலையில் ஃபக்சாய் சூறாவளி சிபா நகருக்கு அருகே கரை கடந்தது. ஜப்பானியர்கள் பெயரைவிட எண்ணைத்தான் சொல்வார்கள். அவர்களுக்கு இது 15-ஆம் எண் சூறாவளி. இது காற்றுப் புயல். சிபா நகரில் நொடிக்கு 57.5 மீட்டர் வேகத்தில் காற்று பதிவானது. மணிக்கு 207 கிலோமீட்டர். இச்சிஹாராவில் கோல்ஃப் பயிற்சி மைதானத்தைச் சுற்றி நின்ற உயரமான இரும்பு வலைத் தூண்கள் வரிசையாகச் சாய்ந்து பக்கத்து வீடுகளின் கூரைமேல் விழுந்தன. அதே மாகாணத்தின் கிமிட்சுவில் இரண்டு உயர் மின்கோபுரங்கள் சரிந்தன. 9 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. சில இடங்களில் இரண்டு வாரத்துக்கு மேல் வரவில்லை. ஓடு பறந்த கூரைகளின் மேல் நீலத் தார்ப்பாய் கட்டி, மணல் மூட்டை வைத்து, மக்கள் அதன் கீழேயே குடியிருந்தார்கள். அந்தத் தார்ப்பாய்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் முழுவதும் மழை பெய்தது அவற்றின் மேல்தான்.

அக்டோபர் 6, 7 தேதிகளில் தெற்கே கடலில் ஹகிபிஸ், அதாவது 19-ஆம் எண், 24 மணி நேரத்தில் அசுர பலம் பெற்றது. மைய அழுத்தம் 992 ஹெக்டோபாஸ்கலிலிருந்து 915-க்கு இறங்கியது; அழுத்தம் குறையக் குறையப் புயல் வலுக்கும். 11-ஆம் தேதி ஜப்பான் வானிலை நிறுவனத்தினர் செய்தியாளர்களைக் கூட்டி, 1958-ஆம் ஆண்டின் கனோகாவா சூறாவளிக்கு இணையான மழை வரலாம் என்று எச்சரித்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்ட புயல் அது. அறுபது ஆண்டுக்கு முந்தைய பெயரை எடுத்துச் சொன்னது வீண் மிரட்டல் அல்ல. மக்கள் மறுபடியும் காற்றுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல்களுக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வரப்போவது தண்ணீர் என்று சொல்ல அந்தப் பழைய பெயர் தேவைப்பட்டது.

12-ஆம் தேதி காலையில், புயலின் மையம் இன்னும் கடலில் வெகு தொலைவில் இருக்கும்போதே இச்சிஹாராவில் ஒரு சுழற்காற்று இறங்கி வீடுகளை நொறுக்கியது, ஒருவர் உயிரிழந்தார். மாலை 7 மணிக்குச் சற்று முன்பு இஸு தீபகற்பத்தில் புயல் கரை கடந்தது. மலைநகரமான ஹகோனேவில் அந்த ஒரே நாளில் பெய்த மழை 922.5 மில்லிமீட்டர். ஜப்பானில் ஒரு நாளில் பதிவான மழையில் அதுவே உச்சம். அதற்கு முந்தைய சாதனை 2011-இல் கோச்சி மாகாணத்தில் பதிவான 851.5. சென்னைக்கு ஓர் ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழை சராசரியாக 1,400 என்று நினைத்துப் பார்த்தால் அந்த நாளின் கனம் புரியும். கடலிலிருந்து வந்த ஈரக்காற்று நேராக மலைச்சுவரில் மோதி மேலே ஏறியது. ஏறிய காற்று குளிர்ந்தது. குளிர்ந்தது கொட்டியது. மையம் வந்து சேரும்வரை மணிக்கணக்கில் இதே வேலைதான் நடந்தது.

இந்தப் புயலில் என்னை மிகவும் உலுக்கியது சிக்குமா ஆறு. நகானோ மாகாணத்தில் சிக்குமா என்று ஓடி, கடலோரம் நீகாத்தாவை அடையும்போது ஷினானோ என்று பெயர் மாறும் ஆறு இது. 367 கிலோமீட்டர், நாட்டிலேயே நீளமானது. மேற்பகுதி மலைகளில் பெய்த நீர் கீழே வந்து சேர நேரம் எடுக்கும் அல்லவா? 13-ஆம் தேதி விடியும் முன், மழை ஓய்ந்த பிறகு, நகானோ நகரின் ஹொயாசு பகுதியில் கரை உடைந்தது. புயல் போய்விட்டது என்று நிம்மதியாகப் படுத்திருக்கும் நேரம் அது. பொழுது விடிந்தபோது ஷின்கான்சென் எனும் அதிவேக ரயில்களின் பணிமனையில் பத்து ரயில்கள், 120 பெட்டிகள், சேற்று நீரில் மூழ்கி நின்றன. அந்தப் படத்தை உலகமே பார்த்தது. அதற்கு மிக அருகில் நாகானுமா கிராமங்களின் ஆப்பிள் தோட்டங்கள் இருக்கின்றன. அறுவடைக்குச் சிவந்து நின்ற பழங்கள் கிளையிலேயே சேறு பூசிக்கொண்டு தொங்கின. அதே பகுதியில் ஒரு தூண் நிற்கிறது. பழைய வெள்ளங்கள் எந்த மட்டம்வரை வந்தன என்று ஆண்டு போட்டுக் குறித்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே உள்ளது 1742-ஆம் ஆண்டு. ரயில் பணிமனை கட்டிய இடம் எப்படிப்பட்ட இடம் என்பதை அந்தத் தூண் எத்தனையோ காலமாகச் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. நாடு முழுவதும் சுமார் 140 இடங்களில் ஆற்றுக்கரைகள் உடைந்தன; ஏறத்தாழ நூறு பேர் இறந்தார்கள்.

இனி நீங்கள் கேட்ட அக்டோபர் 25. அந்த நாளில் இரண்டு விஷயங்கள் சேர்ந்தன. ஜப்பானின் தெற்குக் கரையை ஒட்டி ஒரு சாதாரணக் காற்றழுத்தத் தாழ்வு நகர்ந்துகொண்டிருந்தது. அதே வேளையில் தொலைவில், பசிபிக் கடலில், 21-ஆம் எண் சூறாவளியான புவாலாய் வடகிழக்காகப் போய்க்கொண்டிருந்தது. ஏற்றம் இறைப்பவர் வயலுக்குள் வந்து நிற்பதில்லை. கிணற்றடியில் நின்றபடியே வயல் முழுவதும் நீர் பாய்ச்சிவிடுகிறார். புவாலாய் செய்தது அதுதான். வெப்பக்கடலின் ஈரத்தை இறைத்துக் கரைப்பக்கம் அனுப்பிக்கொண்டே இருந்தது. கரையில் நிலத்தின் மேல் கிடந்த குளிர்ந்த காற்றோடு அந்த ஈரம் சேர்ந்த கோடு சிபாவின் மேல் அமைந்தது. மேகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதே இடத்தில் வந்து கொட்டின. சக்குரா நகரில் அந்த நாளில் 248 மில்லிமீட்டர். அக்டோபர் முழுவதும் பெய்ய வேண்டியது அரை நாளில் பெய்தது. எனவே வரைபடத்தில் புயலின் கோடு எங்கே போகிறது என்று மட்டும் பார்ப்பவர் இந்த மழையைப் பார்க்கத் தவறிவிடுவார். கோடு கடலில்தான் இருந்தது. தண்ணீர் சிபாவில் இருந்தது.

இதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அந்த மண் ஏற்கெனவே இரண்டு வாரத்துக்கு முன் ஹகிபிஸ் மழையைக் குடித்திருந்தது. கூடுதலாக உறிஞ்ச இடமில்லை. குன்றுச் சரிவுகள் தளர்ந்திருந்தன, மொபாராவில் ஆறு கரை புரண்டது, தார்ப்பாய்க் கூரைகள் ஒழுகின. மூன்று நிகழ்வுகளையும் தனித்தனியாக எடைபோட்டால் மூன்றாவது சிறியதாகத் தெரியலாம். மூன்றாவதாக வந்ததால்தான் அது பெரியது.

வெப்பநிலைக்கு இதில் என்ன பங்கு? நேரடிப் பங்கு. அந்த அக்டோபரில் டோக்கியோவின் சராசரி 19 டிகிரியைத் தாண்டியது, இயல்பு 17.5. மாதத்தின் மொத்த மழை 500 மில்லிமீட்டரைக் கடந்தது. காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். தெற்கே கடலும் வழக்கத்தைவிட வெதுவெதுப்பாகவே இருந்தது. அதே சூறாவளிகள் மலைக்கு அந்தப் பக்கம் வேறு விதமாக விளையாடும். ஈரத்தை இந்தப் பக்கமே இழந்த காற்று, ஜப்பான் கடல் பக்கம் இறங்கும்போது சூடாகிவிடும். 2013 அக்டோபர் 9-ஆம் தேதி, ஒரு சூறாவளி கடந்தபோது, நீகாத்தாவின் இத்தோய்கவாவில் 35.1 டிகிரி வெயில் அடித்தது. ஒரே புயலால் ஓரிடத்தில் மழையும் இன்னோரிடத்தில் கோடை வெயிலும் சாத்தியம்.

சரி, தம்பிக்கு வருவோம். தாராளமாகப் போகட்டும். தண்ணீரை எதிர்பார்த்து இடம் ஒதுக்கிவைத்த ஊர் எப்படித் தப்பிக்கிறது என்பதற்கும் அதே அக்டோபர்தான் சாட்சி. யோக்கோஹாமாவின் பெரிய விளையாட்டரங்கம் சுருமி ஆற்றின் வெள்ளத்தைத் தேக்கிவைக்கும் தாழ்நிலத்தில் தூண்களின் மேல் கட்டப்பட்டது. ஹகிபிஸ் நாளில் அந்தத் தாழ்நிலம் சுமார் 9 லட்சத்து 40 ஆயிரம் கன மீட்டர் வெள்ளத்தை வாங்கிக்கொண்டது. மறுநாள் மாலை அதே அரங்கில் உலகக்கோப்பை ரக்பியில் ஜப்பான் ஸ்காட்லாந்தை 28-21 என்று வென்றது. ஆற்றின் இடத்தை ஆற்றுக்கே விட்டால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் நான் காட்டுவேன்.

வீடு பார்க்கும்போதே நகராட்சி அலுவலகத்தில் வெள்ள அபாய வரைபடத்தைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், இலவசமாகத் தருவார்கள். அடுக்குமாடி என்பதால் கவலையில்லை என்று நினைக்க வேண்டாம். கவாசாக்கியின் முசாஷி கொசுகியில் 47 மாடிக் கட்டடத்தின் அடித்தள மின் அறைக்குள் ஹகிபிஸின்போது நீர் புகுந்து, மின்சாரமும் லிஃப்டும் நின்றுபோயின. மின் அறை எந்தத் தளத்தில் இருக்கிறது என்று வாடகைக்கு எடுக்கும் முன்பே கேட்கலாம்.

எச்சரிக்கைகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நிலைகள் உண்டு. 2019-இல் நான்காம் நிலையிலேயே இரண்டு வகை அறிவிப்புகள் இருந்து மக்களைக் குழப்பின. 2021-இல் அதை ஒன்றாக்கி, நான்கு என்றால் ஆபத்தான இடத்திலிருந்து எல்லோரும் வெளியேற வேண்டும் என்று தெளிவாக்கினார்கள். முதியவர்களும் குழந்தைகளும் மூன்றிலேயே கிளம்ப வேண்டும். ஐந்து வரும்வரை காத்திருக்கக்கூடாது. ஐந்து என்றால் பேரிடர் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது அல்லது வாசலுக்கே வந்துவிட்டது என்று பொருள். முக்கியமாக, மழை வலுத்த பிறகு காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பக்கூடாது என்று தம்பியிடம் அழுத்திச் சொல்லுங்கள். அக்டோபர் 25-ஆம் தேதி சிபாவில் இறந்தவர்களில் கணிசமானோர் காருக்குள் இருந்தவர்கள். அலுவலகத்தின் மேல்தளத்தில் ஓர் இரவு தங்கிவிட்டு, காலையில் நீர் வடிந்த பிறகு போகட்டும்.