வெள்ளியைத் துரத்திப் புதுச்சேரி வந்த வானியலாளர்

[திரையில்: பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து நீளும் கடல்வழி]

1760 மார்ச்சில் கப்பலேறிய ஒரு பிரெஞ்சுக்காரர் திரும்பி ஊர் போய்ச் சேர்ந்தது 1771-ல். பெயர் கியோம் லெ ஜான்தி. 1749-லேயே எம் 32 என்ற குட்டி கேலக்ஸியைக் கண்டுபிடித்தவர்.

சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடப்பதைப் புதுச்சேரியிலிருந்து பார்க்கத்தான் கிளம்பினார். பூமியில் பல இடங்களிலிருந்து அந்த நேரத்தை அளந்தால் சூரியன் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடலாம். 1761-ல் ஒரு தடவை, 1769-ல் ஒரு தடவை. விட்டால் அடுத்தது 1874!

இந்தியக் கரையை நெருங்கும்போதுதான் சேதி வந்தது: புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். கப்பல் திரும்பியது. ஜூன் 6, வானம் பளிச்சென்று இருந்தது. நடுக்கடலில் நின்று வெள்ளியைப் பார்க்கவும் பார்த்தார். ஆனால் ஆடுகிற கப்பலில் ஊசல் கடிகாரம் ஒழுங்காக ஓடாது. கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்பதும் சரியாகத் தெரியாது. இந்த இரண்டும் இல்லாமல் பார்த்தது கணக்குக்கு உதவவில்லை.

சரி, அடுத்ததையும் பார்த்துவிட்டே போவோம் என்று இந்தப் பக்கமே தங்கிவிட்டார். மடகாஸ்கர், மணிலா என்று சுற்றி 1768-ல், மறுபடி பிரெஞ்சு வசமாகியிருந்த புதுச்சேரி. இடிந்த கோட்டையின் மேல் வானாய்வுக்கூடம் எழும்பியது. தொலைநோக்கி கொடுத்து உதவியது யார் தெரியுமா? மதராஸ் ஆங்கிலேயர்கள்!

[திரையில்: 1769 ஜூன் 4, விடியல்]

மே மாதம் முழுக்கக் காலை வானம் தெளிவு. அன்றைக்கு மட்டும் மேகம். வெள்ளி கடந்து முடிந்த பிறகு வெயில் அடித்தது. அவர் விட்டுவந்த மணிலாவில் வானம் சுத்தம். இரண்டு வாரத்துக்கு மேல் பேனாவைத் தொட மனமில்லாமல் கிடந்தார்.

பாரிஸில் அவர் இறந்துவிட்டதாகவே முடிவுகட்டி, சொந்தக்காரர்கள் சொத்துக்கு நின்றார்கள். பிரெஞ்சு அறிவியல் அகாடமியிலும் அவர் இடம் கைமாறியிருந்தது. அதை மீட்டு, கல்யாணம் செய்து, ஒரு மகளோடு 1792 வரை வாழ்ந்தார்.

வீடியோக்களில் இவரை 'துரதிர்ஷ்டசாலி' என்று சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. புதுச்சேரியில் தமிழரிடம் உட்கார்ந்து கிரகணக் கணிதம் கற்றவர் இவர். பேனா கிடையாது, தரையில் சோழிகளை நகர்த்தியே கணக்கு. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதில் அந்தத் தமிழ்க் கணக்கு பிசகியது 41 விநாடி. ஐரோப்பாவே நம்பிய, ஜெர்மன் வானியலாளர் மாயரின் நிலா அட்டவணை பிசகியது 68 விநாடி. அந்த முறையை விளக்கித் தன் பயண நூலில் அச்சேற்றினார், 1779-ல்.