பர்ட்டனுக்கு மொழி தந்தது வரமா, பழக்கமா? பழக்கமே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாடு நாடாகச் சுற்றிய ஆங்கிலேயப் பயணி, மொழிபெயர்ப்பாளர் ரிச்சர்ட் பர்ட்டனுக்கு 29 மொழி தெரியும் என்று கணக்குச் சொன்னார் எதிரணித் தலைவர். "பிரான்சிலும் இத்தாலியிலும் வளர்ந்த பிள்ளை, காதில் விழுந்தது நாக்கில் ஒட்டிக்கொண்டது, அது பிறவி வரம்" என்றார்.

ஐயா, அரபு அவருக்கு எப்படி வந்தது? ஆக்ஸ்ஃபோர்டில் ஆசிரியர் இல்லாமல் எழுத்துப் பழகியபோது, அரபை இடமிருந்து வலமாக எழுதிக்கொண்டிருந்தார். பாஸ்குவல் தெ கயாங்கோஸ் என்ற ஸ்பானிய அறிஞர் பார்த்துச் சிரித்து, திருத்திக் கொடுத்தார். வரம் வாங்கி வந்தவர் தொடங்கிய லட்சணம் இது!

அவர் படித்த முறையை அவரே எழுதி வைத்திருக்கிறார். முதலில் ஒரு சின்ன இலக்கணப் புத்தகம், ஒரு சொற்பட்டியல். இல்லாமல் முடியாது என்கிற வடிவங்களையும் சொற்களையும் மட்டும் குறித்துக்கொள்வார். அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்து, கிடைக்கிற இடைவேளையில் எடுத்துப் பார்ப்பார். ஒரே மூச்சில் கால் மணி நேரம்தான். அதற்கு மேல் போனால் மூளை சோர்ந்துவிடும் என்பது அவர் கணக்கு. ஒரு வாரத்தில் ஏறத்தாழ 300 சொல் சேர்ந்துவிடும். உடனே எளிய புத்தகம் ஒன்று, பெரும்பாலும் பைபிளின் சுவிசேஷங்களில் ஒன்று. தட்டுத்தடுமாறிப் படித்து, வேண்டிய சொல்லுக்கெல்லாம் பென்சிலால் அடிக்கோடு போட்டு, நாளுக்கு ஒரு முறையாவது திரும்பப் பார்ப்பார். புத்தகம் முடிந்த பிறகுதான் இலக்கண நுணுக்கம். நம் பிள்ளைகள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். விதி முழுவதையும் உருப்போட்டுவிட்டு, ஒரு பக்கம் படிக்கத் திணறுகிறார்கள்.

படிப்பது எப்போதும் வாய்விட்டுத்தான். காது கேட்டால் மனதில் நிற்கும் என்றார். அரபில் 'கைன்' என்றொரு எழுத்து. வாய் கொப்பளிக்கும்போது அடித்தொண்டையில் உருளுமே, அந்த ஒலி. 'மக்ரிப்' என்ற சொல்லில் வருவது அதுதான். நம் நாக்கு அதை வெறும் 'க' ஆக்கிவிடும். அந்த ஓர் ஒலியை ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான முறை சொல்லிப் பழகினார் பர்ட்டன். வரத்துக்கு எதற்கு ஐயா இத்தனை ஆயிரம்?

1853-ல் மாறுவேடத்தில் மெக்கா போனார். என்ன வேடம்? இந்தியாவில் பிறந்த பட்டாணியர், அதாவது ஆப்கானிய வழி வந்தவர். பேச்சில் பிசகினால் 'வெளியூர்க்காரர்' என்று போய்விடும் அல்லவா? தன் நாக்கு எங்கே தவறும் என்று அறிந்து வைத்திருந்தவர் அவர்.

"காதல்தான் கற்றுத் தந்தது" என்றார் இன்னொரு நண்பர். பரோடாவில் தன்னோடு வாழ்ந்த பெண்ணிடம் இந்துஸ்தானி இலக்கணத்தோடு ஊர் வழக்கத்தையும் கற்றதாகப் பர்ட்டனே ஒப்புக்கொள்கிறார். நானும் ஒப்புக்கொள்கிறேன்! ஆனால் அதுவும் நாள்தோறும் பேசிப் பேசி வந்ததுதானே? அவர் ஊன்றி நேசித்த இசபெல்லை 1861-ல் கைப்பிடித்தபோது, இந்துஸ்தானி, குஜராத்தி, மராத்தி, சிந்தி, பாரசீகம், அரபு எல்லாம் ஏற்கெனவே கைவந்திருந்தன.

அந்த இசபெல், 1890-ல் கணவர் இறந்த பிறகு, அவருடைய கடைசி மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் பிரதியை எரித்துவிட்டார். மொழியை நேசிக்கிற எவருக்கும் மனம் ஆறாது. அது அரபு நூல் ஒன்றின் ஆக்கம். 69 வயதில், இன்றைய இத்தாலியின் ட்ரியெஸ்ட் நகரில், சாவதற்கு முந்தின நாள்வரை அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்.