பகலில் வாருங்கள்

வணக்கம். வெளியிலிருந்து வன்னிக்கு வருகிறவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி நாலு விஷயம் சொல்லுங்கள் அண்ணை என்றுதான் இந்த வானொலி நிகழ்ச்சிக்குக் கூப்பிட்ட தம்பி கேட்டார். நான் 2010 இலிருந்து வவுனியாவில் வாடகைக்கு வான் ஓட்டுகிறேன். பேசிப் பழக்கமில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன், என் வானில் ஏறியவர்களைக் கேட்டால் இந்த ஆள் வாயை மூடுவதே இல்லை என்பார்கள். ஆனால் அங்கே முகம் பார்க்கிற கண்ணாடி இருக்கிறது. பின்னுக்கு இருப்பவர் கொட்டாவி விட்டால் கதையை மாற்றி விடலாம். இங்கே அந்த வசதி இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வருகிறவர்களுக்கு என்று சொன்னாலும் அவர்கள் இதைக் கேட்கப்போவதில்லை. கேட்பது நீங்கள். ஆடி, ஆவணி என்றால் கனடா, லண்டன், சுவிஸ் பக்கம் பள்ளிக்கூட விடுமுறை. உங்கள் அக்காவோ சித்தப்பாவோ பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருவார்கள், பிள்ளைகளின் வெள்ளைக்காரக் கூட்டாளிகள்கூட வருகிறார்கள். டிக்கெட் போட்டாயிற்று என்று அவர்கள் போனில் சொல்லும்போது நீங்கள் சொல்லவேண்டியதைத்தான் நான் இப்போது சொல்லப்போகிறேன்.

முதல் விஷயம், பகலில் வரச் சொல்லுங்கள். இதை நான் இன்றைக்கு மூன்று தரமாவது சொல்லுவேன்.

விமானம் இராத்திரி கட்டுநாயக்கவில் இறங்கும். இறங்கியவுடன் எல்லாருக்கும் ஓர் அவசரம், நேரே யாழ்ப்பாணம் போய்விட வேண்டும். வானில் என்றால் வானில், இல்லாவிட்டால் கொழும்பிலிருந்து 87ஆம் இலக்க பஸ்ஸில். ஏறினால் நித்திரை, கண் விழித்தால் யாழ்ப்பாணம். நடுவில் ஒரு நாடு கிடந்தது அவர்களுக்குத் தெரியாது. ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், கிளிநொச்சி என்று இவ்வளவும் இருட்டில் போய்விடும்.

ரொரன்ரோவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை ஏற்றப் போயிருந்தேன். அப்பா, அம்மா, இரண்டு பெடியன்கள். அம்மா மாங்குளத்துப் பிள்ளை, பத்துப் பன்னிரண்டு வயதில் வெளியேறியவர். எனக்கு அது அப்போது தெரியாது. விடியப் போகலாம், இராவைக்கு நீர்கொழும்பில் தங்குங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அப்பா கேட்கவில்லை. சரி, காசு தருகிறவர் அவர், பதினொரு மணிக்கு வெளிக்கிட்டோம். குருநாகல் தாண்ட முதலே எல்லாரும் நித்திரை. மாங்குளம் சந்தியை நாங்கள் கடக்கும்போது விடிய ஐந்து மணி இருக்கும். ஒரு கடையில் மட்டும் லைட் எரிந்தது. முறிகண்டியில் வழக்கம்போல நிற்பாட்டி, கால் கழுவி, பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன். கதவு சாத்திய சத்தத்துக்கும் ஒருவரும் எழும்பவில்லை.

ஆனையிறவில் வெளிச்சம் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் தண்ணீர், அதற்கு மேலால் வானம் சிவக்கிற நேரம். அம்மா எழும்பி நிமிர்ந்து இருந்து, "மாங்குளம் வந்திட்டுதா அண்ணை?" என்று கேட்டார். தாண்டி முக்கால் மணித்தியாலம் ஆயிற்று என்று நான் சொல்ல, அவர் ஒன்றும் கதைக்கவில்லை. கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. சொன்னேனே, அந்தக் கண்ணாடியில் எல்லாம் தெரியும்.

திரும்பி வரும்போது நான் கேட்கவே இல்லை, காலை எட்டு மணிக்கு வானைக் கொண்டுபோய் வீட்டு வாசலில் நிற்பாட்டினேன். முறிகண்டியில் இறக்கினேன். கச்சான் கடைகள் வரிசையாக இருக்கிற இடம், உங்களுக்குத் தெரியாததா? (இந்தியாவிலிருந்து யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், கச்சான் என்றால் நிலக்கடலை. எங்களுக்குக் கச்சான் என்று ஒரு காற்றும் இருக்கிறது, அது வேறு கதை.) மண்ணில் போட்டு வறுத்த சூட்டோடு பையில் கொட்டித் தருவார்கள், கோதை உடைத்தால் விரலில் மண் ஒட்டும். சின்னவன் ஒவ்வொரு பருப்பையும் ஊதி ஊதித் தின்றான்.

மாங்குளத்துக்குக் கிட்ட றோட்டுக்கரையில் ஓர் அம்மா பாலைப்பழம் வைத்துக்கொண்டு இருந்தார். மஞ்சளாக, வேப்பம்பழம் அளவில், சின்னப் பேணியால் அளந்து விற்பார்களே, அதுதான். வாங்கிக் கொடுத்தேன். பெரியவன் கைநிறைய அள்ளி வாயில் போட்டான். பாலைப்பழத்தில் பால் இருக்கிறது, அது உதட்டில் ஒட்டினால் பசை மாதிரி இழுபடும். பழக்கமில்லாத பெடியன், இரண்டு உதடும் ஒட்டிப் பிடித்துக்கொள்ள, கண்ணை உருட்டி உருட்டித் தாயைப் பார்க்கிறான். தாய் சிரிக்கிறார், சிரித்துக்கொண்டே அழுகிறார். பழம் விற்ற அம்மாதான் சீலைத் தலைப்பில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தொட்டு வந்து அவன் வாயைத் துடைத்துவிட்டார். யாருடைய பிள்ளை என்று விசாரித்தார். தாய் தன் தகப்பன் பெயரைச் சொன்னதும் அவர் அந்தப் பிள்ளையின் கையை விடவில்லை. நாங்கள் அன்றைக்குக் கொழும்பு போய்ச் சேர இரவு பத்து மணி.

அந்தப் பயணத்துக்குப் பிறகு நான் இராத்திரி ஓட்டம் எடுப்பதில்லை. தொழில் கொஞ்சம் குறையத்தான் செய்தது. நித்திரை கொள்வதற்காக வன்னிக்கு வருவதென்றால் அதற்கு என் வான் தேவையில்லை.

காரணம் இன்னும் இருக்கிறது. யானை. நெடுங்கேணிப் பக்கம் பொழுதுபட்ட பிறகு மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வருகிற பிள்ளைகள் யானை என்றால் படம் எடுக்கத்தான் பார்ப்பார்கள். வாகனத்தை விட்டு இறங்கக் கூடாது, ஹோன் அடிக்கக் கூடாது, அது றோட்டை விட்டுப் போகும்வரை தூர நிற்க வேண்டும். பகலில் என்றால் தூரத்திலேயே தெரியும். இருட்டில் கறுப்புத்தான் தெரியும், அதுவும் கிட்ட வந்த பிறகு.

அடுத்தது வெட்கப்படாமல் பேசவேண்டிய விஷயம். வானை நிற்பாட்டு, ஒன்றுக்குப் போகவேண்டும் என்பார்கள், நிற்பாட்டினால் நேரே பற்றைக்குள் இறங்கி நடப்பார்கள். உலகத்தில் வேறு எங்கேயும் சரி, இங்கே சரிவராது. கண்ணிவெடி அகற்றுகிற வேலை இவ்வளவு காலமாக நடக்கிறது, நிறைய இடம் துப்புரவாகிவிட்டது, ஆனால் முழுக்க முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால் அங்கால் ஓர் அடி வைக்கக் கூடாது. பலகை இல்லாத இடத்திலும் ஆட்கள் நடந்து தேய்ந்த பாதையை விட்டு விலகக் கூடாது. கிடக்கிற இரும்புத்துண்டு எதையும் எடுக்கக் கூடாது, காலாலும் தட்டக் கூடாது. எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததை அவர்களுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் கடையிலோ கோயிலிலோ பெற்றோல் செட்டிலோதான் நிற்பாட்டுவேன், திட்டினாலும் பரவாயில்லை.

வழி கேட்பது பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் இன்னும் கட்டைக் கணக்கில்தான் கதைக்கிறோம். ஒரு கட்டை என்றால் ஒரு மைல், ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேலே. கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்று ஓர் ஊரே இருக்கிறது. கண்டியிலிருந்து 155 மைல் என்ற கணக்கு, ஏ9 றோட்டு கண்டியில்தானே தொடங்குகிறது. போனில் படம் பார்த்து வருகிற பிள்ளைக்கு "மூன்று கட்டைதான் தம்பி" என்று சொன்னால் அவன் மூன்று கிலோமீற்றர் என்று நினைத்து நடந்துவிடுவான். "கிட்டத்தான்" என்று சொல்வது அதைவிட மோசம். எங்கள் கிட்ட எவ்வளவு தூரம் என்று எங்களுக்கே தெரியாது. கிலோமீற்றரில் சொல்லிப் பழகுவோம்.

மழையைப் பற்றி இணையத்தில் பார்த்துவிட்டு வருகிறார்கள். டிசம்பர் நல்ல காலம் என்று அதில் இருக்கும். அது காலி, ஹிக்கடுவ கடற்கரைக்கு. தெற்கில் மழை கொட்டுகிற வைகாசி ஆனியில் இங்கே புழுதி பறக்கும், அங்கே வெயில் எறிக்கிற மார்கழியில் இங்கே வெள்ளம் நிற்கும். ஐப்பசியிலிருந்து மார்கழிவரை எங்கள் மாரி. கடும் மழைக்கு வட்டுவாகல் பழைய பாலத்துக்கு மேலாலும் தண்ணீர் ஓடும், அந்த நேரம் முல்லைத்தீவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும், அதில் ஒருவன் நான். மாசி, பங்குனியில் வரச் சொல்லுங்கள். விடுமுறை ஆடியில்தான் என்றால் வரட்டும், வெயில்தான், தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டுவரட்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் அவர்களுக்கு ஒத்துவராது, கொதித்தாறிய தண்ணீர் கொடுங்கள்.

கோச்சியில், அதுதான் ரயிலில், வர விரும்பினால் இன்னும் நல்லது, சன்னலோரம் இருந்து பார்த்துக்கொண்டு வரலாம். யாழ்தேவி 1956 இல் ஓடத் தொடங்கியது, 1990 இல் நின்றது, கிளிநொச்சிவரை 2013 இல் திரும்ப வந்தது, அடுத்த வருடம் யாழ்ப்பாணம் போனது. ஆசனம் முற்கூட்டியே பதிய வேண்டும், விடுமுறைக் காலத்தில் கண்மூடித் திறக்க முடிந்துவிடும். இதிலும் பகல் வண்டி என்று பார்த்துப் பதியச் சொல்லுங்கள். மூன்றாம் தரம் ஆயிற்று.

இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் கட்டுநாயக்கவைச் சுற்றத் தேவையில்லை. சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம் இருக்கிறது, நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் விட்டிருக்கிறார்கள். கடல் அடிக்கிற காலத்தில் கப்பல் நிற்கும், அதனால் திரும்பிப் போகிற நாளை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். விசா அலுவலை எவரும் வெளிக்கிட முதலே இணையத்தில் முடித்துக்கொள்ள வேண்டும், கட்டணமும் விதியும் அடிக்கடி மாறுகிறது, போன வருடம் வந்த மச்சான் சொன்னதை நம்பக் கூடாது.

அங்கத்தைய லைசன்ஸோடு தாங்களே வாகனம் ஓட்டப் பார்க்கிறவர்களும் உண்டு. இங்கே அதற்குத் தனியாக அனுமதி எடுக்க வேண்டும், எடுத்தாலும் கனடாவில் வலப்பக்கம் ஓடிப் பழகியவர் ஏ9 இல் பஸ்ஸுக்கு முன்னால் என்ன செய்வார்? நான் தொழிலுக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் தொழிலுக்காகவும்தான்.

காசு, ஐயாயிரம் ரூபாத் தாளை நீட்டினால் பாலைப்பழக்காரி எங்கே போவார்? நூறு, ஐந்நூறாக மாற்றி வைத்திருக்கச் சொல்லுங்கள். பஸ்ஸில் முன் ஆசனம் மதகுருமாருக்கு, தெரியாமல் இருந்துவிட்டு எழும்ப வேண்டி வரும். கோயிலில் ஆம்பிளைகள் மேற்சட்டை கழற்றுவதை முதலே சொல்லிவிடுங்கள், அந்தப் பிள்ளைகள் வாசலில் நின்று கூச்சப்படுவார்கள். தெற்கில் புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக் கூடாது, அதற்கு வழக்குவரை போனவர்கள் இருக்கிறார்கள். மலேரியாவுக்குப் பயப்படுகிறவர்களுக்குச் சொல்லுங்கள், 2016 இல் உலக சுகாதார நிறுவனமே இலங்கையில் மலேரியா இல்லை என்று அறிவித்துவிட்டது. டெங்கு இருக்கிறது, நுளம்புக்கு ஏதாவது பூசட்டும்.

தம்பி கண்ணாடிக்கு அங்கால் நின்று இரண்டு விரல் காட்டுகிறார். இரண்டு நிமிடமாம். மன்னார் முழுக்க மிச்சம் இருக்கிறது! பள்ளிமுனைப் பெருக்கமரம், திருக்கேதீச்சரம், வங்காலையில் பூநாரை, எல்லாம் ஒரு பகலில் பார்க்கலாம், மெதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குக் கோச்சியும் 2015 இலிருந்து ஓடுகிறது. ஓகஸ்ட் 15 மடு மாதா கோயில் திருவிழா, வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல், இரண்டுக்கும் தங்க இடமும் வாகனமும் முன்கூட்டியே பிடிக்க வேண்டும், அந்தக் கிழமை என்னைக் கேட்காதீர்கள், நானும் போய்விடுவேன்.

ஒரு விரல் காட்டுகிறார். இலக்கம் எழுதிக்கொள்ளுங்கள். அம்புலன்ஸ் 1990, காசு இல்லை. பொலிஸ் 119. பாம்பு கடித்தால் கீறவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம், கடிபட்டவரை நடக்க விடாமல் நேரே ஆஸ்பத்திரி. நாய் கடித்தால் சவர்க்காரம் போட்டுக் கால் மணித்தியாலம் கழுவிவிட்டுப் போக வேண்டும், ஊசி அரசாங்க ஆஸ்பத்திரியில் இருக்கிறது. இன்னும் ஒன்று, பிளக். பழைய வீட்டில் உருண்டைக் கால், புது வீட்டில் சதுரக் கால், இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி ஒன்று வாங்கிக்கொண்டு வரச்... சரி தம்பி, சரி. வணக்கம்.