கவசத்துக்குள் ஒரு பனியன்

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான அளவு மாதிரி, வெட்டும் வேலை பார்த்து வருகிறேன். நான் வெட்டியவற்றில் பெரும்பகுதி சாதாரண உள்ளாடைகள்தாம். வாள்வீச்சு விளையாட்டுக்காரர்கள் கவசத்துக்கு உள்ளே போட்டுக்கொள்ளும் உள்சட்டையைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் அழைத்தபோது, ஒரு பனியனைப் பற்றி இவ்வளவு நேரம் பேசவும் ஆள் கூப்பிடுகிறார்களே என்று மகிழ்ந்துதான் வந்திருக்கிறேன்.

இந்த வேலை எங்கள் வீட்டிலிருந்தே தொடங்கியது. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையைச் சேர்ந்த பவானி தேவி சேபர் பிரிவில் களமிறங்கினார். ஒலிம்பிக் வாள்வீச்சில் இந்தியாவிலிருந்து பங்கேற்ற முதல் ஆள் அவர்தான். அதைத் தொலைக்காட்சியில் பார்த்த என் அண்ணன் மகள் தானும் வாள் பிடிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, கோவையில் பயிற்சிக்குப் போகத் தொடங்கினாள். ஒரு சித்திரை மாத மாலையில் அவளை அழைத்து வரப் போயிருந்தேன். மேல்சட்டைக்கு உள்ளே கட்டாயம் அணிய வேண்டிய பிளாஸ்ட்ரான் என்னும் அரைக்கவசம் அவளுடைய பைக்குள்ளேயே மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தது. கேட்டதற்கு, "அதைப் போட்டா வெந்து போறேனுங்க அத்தை, தோள்ல அறுக்குது, பிராக்டிஸ்தானுங்களே" என்றாள். அன்று நான் அவளைக் கடிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து அவள் தோளில் வார் அறுத்த சிவந்த கோட்டைப் பார்த்த பிறகு, கடிந்திருக்க வேண்டியது அவளையல்ல, அவள் உள்ளே போட்டிருந்த சட்டையைத்தான் என்று தோன்றியது.

வாள்வீச்சில் ஃபாயில், எபே, சேபர் என்று மூன்று வகை வாள்கள் உண்டு. ஃபாயிலிலும் எபேயிலும் நுனியால் குத்தினால்தான் புள்ளி. சேபரில் அலகால் வெட்டுவதும் கணக்கில் சேரும். வாள் மழுங்கலானதுதான் என்றாலும், வளைந்து வளைந்து ஒரு நாள் அலகு ஒடிந்துவிட்டால், மிஞ்சுகிற முனை கூர்மையாகிவிடும். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஃபாயிலில் தங்கம் வென்ற சோவியத் வீரர் விளாடிமிர் ஸ்மிர்னோவ், 1982-இல் ரோமில் நடந்த உலகப் போட்டியில் எதிராளியின் வாள் ஒடிந்து முகமூடியைத் துளைத்ததால் உயிரிழந்தார். அதன் பிறகுதான் அலகுக்கான எஃகும் முகமூடியும் ஆடைகளும் மிகக் கடுமையான விதிகளுக்குள் வந்தன. இன்று சர்வதேசப் போட்டிகளில் மேல்சட்டை, கால்சட்டை, பிளாஸ்ட்ரான் ஆகியவை 800 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். ஏறத்தாழ 80 கிலோ எடை ஒரு சிறு முனையின் மேல் இறங்குவதற்கு அது சமம். முகமூடியின் கீழே தொண்டையை மூடித் தொங்கும் துணிக்கு 1600 நியூட்டன். பிளாஸ்ட்ரானில் அக்குள் பக்கம் தையலே இருக்கக் கூடாது என்பதும் விதி, ஏனென்றால் கை நீளும்போது திறக்கிற இடம் அது, தையல் என்பது எந்தத் துணியிலும் முதலில் விட்டுக்கொடுக்கும் இடம்.

ஆகவே உள்சட்டையைப் பற்றிப் பேசும்போது ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. உள்சட்டை வாளைத் தடுக்காது. தடுக்கும் என்று சொல்லி யாராவது விற்றால் வாங்காதீர்கள். ஆனால் கவசம் உடம்பில் இருந்தால்தான் காக்கும். எரிச்சலும் அரிப்பும் புழுக்கமும் தாங்காமல் ஒரு பிள்ளை அதைக் கழற்றி வைத்துவிட்டால், அல்லது கழுத்துப்பட்டையைத் தளர்த்திவிட்டால், 800 நியூட்டன் என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை. கவசத்தைக் கடைசி வரை கழற்றாமல் போட்டிருக்க வைப்பதே உள்சட்டை தரும் பாதுகாப்பு என்பது என் கருத்து.

நான் செய்த முதல் சட்டை தோற்றுப்போனது. நம் ஊரில் வெயிலுக்குப் பருத்தியைவிட நல்லது எது என்ற நம்பிக்கையில், 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம், எடையுள்ள முழுப் பருத்தி சிங்கிள் ஜெர்சி என்னும் சாதாரண பனியன் துணியில் தைத்துக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் அது ஈரத்துணியாக உடம்போடு ஒட்டிக்கொண்டது. பருத்தி இழை நீரைத் தனக்குள்ளேயே வாங்கி வைத்துக்கொள்ளும் குணம் உடையது. வியர்வையே படாமல், சாதாரணக் காற்றிலிருந்து மட்டுமே தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை விழுக்காட்டைக்கூட இழுப்பதில்லை. வாசலில் காற்றாட உட்கார்ந்திருப்பவருக்குப் பருத்தியின் இந்தக் குணம் சுகம்தான். காற்றே புகாத மூன்று அடுக்குக்கு உள்ளே அதே குணம் பாரமாகிறது, நனைந்த துணி தோலோடு உராய்ந்து புண்ணாக்குகிறது.

அடுத்து எல்லோரும் சொல்வதுபோல, வியர்வையை உறிஞ்சிக் கடத்தும் பாலியெஸ்டருக்கு மாறினேன். இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளி வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, வியர்வை வெளிப்பக்கம் நகர்கிறது. மேசையில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்த்தால் கண்ணெதிரே பரவும். ஆனால் மேசைமேல் நடப்பது வேறு, கவசத்துக்குள் நடப்பது வேறு என்பதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில வாரங்கள் ஆயின. வியர்வை உடம்பைக் குளிர்விப்பது நகர்வதால் அல்ல, ஆவியாவதால். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகிறது. இங்கே கலோரி என்று நான் சொல்வது சாப்பாட்டுக் கணக்கில் வரும் கலோரியை அல்ல, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான சிறு கலோரியை. வெளியே போக வழியில்லாத ஈரக்காற்று கவசத்துக்குள் நிறைந்து நிற்கும்போது, எவ்வளவு நல்ல துணியானாலும் வியர்வையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றி வைக்கத்தான் முடியும்.

அதனால் துணியைத் தேடுவதை நிறுத்திவிட்டு, காற்று எங்கே போகும் என்று தேடத் தொடங்கினேன். பிளாஸ்ட்ரான் மார்பையும், வாள் பிடிக்கும் கையின் மேற்பகுதியையும், அந்தப் பக்கத்து அக்குளையும் மூடுகிறது. முதுகின் பெரும்பகுதிக்கு மேல்சட்டை ஓர் அடுக்கு மட்டுமே. வீரர் முன்னே பாய்ந்து திரும்பும்போது மேல்சட்டைக்கும் முதுகுக்கும் இடையே காற்று துருத்தியைப் போல உள்ளே வந்து வெளியே போகிறது. அந்தக் காற்றுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்து, முதுகின் நடுவிலும் வாள் பிடிக்காத கைப் பக்கத்து விலாவிலும் கண்ணிகள் திறந்த, மிக மெல்லிய பின்னலை வைத்தேன். முன்பக்கத்துக்கு பிளேட்டிங் முறையில் பின்னிய 150 ஜிஎஸ்எம் துணி: தோலைத் தொடும் பக்கம் நுண்ணிழை பாலியெஸ்டர், வெளிப்பக்கம் மரக்கூழிலிருந்து செய்யும் மோடல் இழை, இரண்டையும் பிடித்திழுக்கச் சிறிது லைக்ரா என்னும் நீளும் இழை. மோடல் வியர்வையை வாங்கி வைத்துக்கொள்கிறது, ஆனால் தோலைத் தொடுவதில்லை. இப்படிச் செய்ததில் சட்டையின் வலதும் இடதும் வேறு வேறாகிவிட்டன. வலக்கைக்காரருக்கு ஒன்று, இடக்கைக்காரருக்கு ஒன்று என்று இரண்டு பேட்டர்ன்கள் வேண்டியிருக்கின்றன. உற்பத்தி மேலாளர்கள் யாரும் விரும்பாத வேலை இது. பிளாஸ்ட்ரானே இடம் வலம் பார்த்துத் தைக்கப்படும்போது, அதன் கீழே போடும் சட்டை மட்டும் இரு பக்கமும் ஒன்றாக இருப்பது சோம்பேறித்தனம் என்பேன்.

தையல்களை எங்கே வைப்பது என்பதைச் சாக்குக்கட்டி சொல்லிக்கொடுத்தது. பயிற்சி முடிந்து வந்தவுடன், சட்டையைக் கழற்றும் முன்பே, எங்கெங்கே எரிகிறது என்று கேட்டு, நீலச் சாக்குக்கட்டியால் அந்த இடங்களில் கோடு போட்டேன். சில வாரங்களில் ஒரு வரைபடமே கிடைத்துவிட்டது. கால்சட்டையைத் தாங்கும் தோள்வார் இரண்டு கோடுகள். பிளாஸ்ட்ரானைப் பிடிக்கும் எலாஸ்டிக் பட்டை மறுபக்க விலாவில் ஒரு கோடு. வாள் பட்டதைப் பதிவு செய்யும் மின்சுற்றுக்கு வாளிலிருந்து போகும் பாடி வயர் கைக்குள் ஓடுவதால் முன்கையில் ஒரு கோடு. வழக்கமான சட்டையில் தோள் தையல் தோள்வாருக்கு நேர் கீழே வந்து உட்காருகிறது. எனவே கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாக இறங்கும் ரேக்லன் கையை வைத்து, அக்குளில் சாய்சதுரத் துண்டு ஒன்றைச் சேர்த்து, நான்கு தையல்கள் ஒரே புள்ளியில் கூடாதபடி பார்த்துக்கொண்டேன். நம் பாட்டன்மார் போட்ட ஜிப்பாவின் கக்கத்தில் இருந்த அதே துண்டுதான் அது. ஓவர்லாக் தையல் உள்ளே மேடாக நிற்கும். ஆகவே எல்லா இணைப்புகளையும் தட்டையாகப் பேட்லாக்கில் போட்டோம். இந்த வளைவுகளைச் சுருக்கமில்லாமல் ஓட்டிக்கொடுத்த பேட்லாக் டைலர் ஒரு பெண்மணி. எந்த நூலைத் தளர்த்த வேண்டும் என்பதை என்னைவிட அவர் விரல்களே நன்றாக அறிந்திருந்தன.

பெண் பிள்ளைகளுக்கு இன்னும் சில சங்கடங்கள் உண்டு. கடினமான பிளாஸ்டிக்கில் செய்த மார்புக் காப்பு அவர்களுக்குக் கட்டாயம். அதன் கீழ்விளிம்பு விலா எலும்பின் மேல் அழுந்தி, ஒவ்வொரு பாய்ச்சலிலும் உராய்கிறது. அந்த விளிம்பு உட்காரும் இடத்தில் மட்டும், இரண்டு துணி முகங்களுக்கு நடுவே நூல்கள் தூண்போல நிற்கும் ஸ்பேசர் பின்னலில் இரண்டு விரல் அகலப் பட்டை வைத்தேன். வெள்ளைக் கால்சட்டை அணிந்து நாள் முழுவதும் ஆட வேண்டிய இந்த விளையாட்டில், மாதவிடாய் நாட்கள் பிள்ளைகளுக்கு எவ்வளவு பதற்றம் தருகின்றன என்பதை எந்தப் பயிற்சியாளரிடமும் அவர்கள் சொல்வதில்லை. என் அண்ணன் மகளும் என்னிடம் மெல்லத்தான் சொன்னாள். உள் கால்சட்டையின் நடுவே ஈரம் கசியாத மெல்லிய அடுக்கு ஒன்றைச் சேர்ப்பது தையல்காரருக்குச் சிறிய வேலை. அதைக் கேட்டு வாங்கப் பெற்றோர் கூச்சப்பட வேண்டாம்.

உள் கால்சட்டை முடியும் இடத்தையும் கவனிக்க வேண்டும். மேல் கால்சட்டையின் பட்டையும் நீளக் காலுறையின் மேல்விளிம்பும் முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்துகின்றன. மூன்றாவது விளிம்பும் அங்கேயே வந்து முடிந்தால் ரத்த ஓட்டமே தடைப்பட்டதுபோல் கால் மரத்துப்போகும். முழங்காலுக்கு ஒரு சாண் மேலேயே நிறுத்திவிடுவது நல்லது.

காயத்துக்குப் பயந்து பஞ்சுத் தட்டைகளை வைத்துத் தைக்கச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. கன்றிப்போவதை அது குறைக்கும் என்பது உண்மையே. ஆனால் தடிமன் கூடக் கூடச் சூடும் கூடும், பிளாஸ்ட்ரான் உடம்போடு படியாமல் மேலேறும். எபே ஆடுபவரின் முன்தொடையிலும் வாள் பிடிக்கும் கையின் உட்புறத்திலும் தவிர வேறெங்கும் நான் வைப்பதில்லை.

துவைக்கும் விதத்தைச் சொல்லாமல் விட்டால் இத்தனை உழைப்பும் வீண். வாசனைக்காகவும் மென்மைக்காகவும் ஊற்றும் கண்டிஷனர், இழைகளின் மேல் ஒரு படலமாகப் படிந்து, வியர்வை நகரும் வழியை அடைத்துவிடும். பிளீச்சிங் பவுடர் லைக்ராவைக் கெடுக்கும். பிளாஸ்ட்ரான் கெவ்லார் என்னும் மிக வலுவான செயற்கை இழையால் ஆனதென்றால் அதையும் பலவீனமாக்கும். நம் பக்கத்து வீடுகளில் எதையும் மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டால்தான் சுத்தமானது என்று நினைக்கிறோம். கெவ்லாருக்கு வெயிலின் புற ஊதாக்கதிர் நஞ்சு. வெளிப்பார்வைக்கு நன்றாக இருக்கும்போதே உள்ளே வலுவிழந்திருக்கும். கவசத்தையும் உள்சட்டையையும் நிழலிலேயே காற்றாடப் போடுங்கள். பாலியெஸ்டரில் வியர்வை நாற்றம் எளிதில் தங்கிவிடும் என்பதால் ஈரத்தோடு பைக்குள் திணித்து வைக்கக் கூடாது. போட்டி நாளில் ஒரே சட்டையோடு காலையிலிருந்து மாலை வரை ஆடாமல், குறைந்தது மூன்று சட்டைகளாவது கொண்டுபோய் சுற்றுக்கு இடையே மாற்றிக்கொள்வது, எந்த விலையுயர்ந்த துணியையும்விட அதிகப் பலன் தரும்.

கடைசி மாதிரியில் கழுத்துக்குப் பின்னால் தைக்கும் லேபிளை எடுத்துவிட்டேன். முகமூடியின் பட்டையும் மேல்சட்டையின் உயர்ந்த காலரும் அழுத்தும் அந்த இடத்தில் ஒரு சிறு துணித்துண்டுகூடப் பிடரியை அறுக்கிறது. அதற்குப் பதிலாகத் துணியின் மேலேயே, அளவுக்கும் துவைக்கும் முறைக்கும் கீழே, பிள்ளைகள் படிக்கும்படி தமிழில் ஒரு வரி அச்சிட்டிருக்கிறோம்: "இது வாளைத் தடுக்காது. இதன்மேல் பிளாஸ்ட்ரான் அணியவும்."

நன்றி, வணக்கம்.