கத்திரி வயல் குளவி அமெரிக்கா போன கதை

வணக்கம் மக்களே!

[திரையில்: சல்லடையான கத்திரி இலை]

கத்திரி வச்சிருக்கிறவங்களுக்கு இந்த இலை பழக்கமானதுதான். பச்சைய மட்டும் சுரண்டித் தின்னுட்டு நரம்ப விட்டுட்டுப் போயிருக்கு பாருங்க, இது எபிலாக்னா வண்டு வேலை. பார்க்க அசல் பொறிவண்டு மாதிரியே இருக்கும், ஏன்னா அதே குடும்பம்தான், கூடப்பிறந்ததுல நிறைய அசுவினிய தின்னு நமக்கு நல்லது பண்ணும்போது இது சுத்த சைவமாயிடுச்சு, வம்பே அதுதான்.

இதோட பங்காளி ஒருத்தன் அமெரிக்காவுல இருக்கான், மெக்சிகன் பீன் பீட்டில். பீன்ஸ், சோயா இலையெல்லாம் இதே கதிதான். அவன அடக்கத்தான் 1966ல இந்தியாவுல இருந்து ஒரு குளவிய கொண்டு போனாங்க. பேரு பீடியோபியஸ் ஃபோவியோலேட்டஸ், வாயில நுழையலன்னா விடுங்க. குளவின்னதும் ஓடாதீங்க, ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான் இருக்கும், மனுஷன கொட்டாது.

[திரையில்: புழு மேல ஏறி நிக்கிற குளவி]

தாய்க்குளவி வண்டோட புழுவ தேடிப் பிடிச்சு, தோல துளைச்சு உள்ள சுமார் 20 முட்டை வச்சிடும். புழுவுக்கு ஒண்ணும் புரியாது, கொஞ்ச நாள் அதுபாட்டுக்கு மேஞ்சுகிட்டு இருக்கும், ஆனா உள்ள இருந்து குளவிக் குஞ்சுங்க அத தின்னுகிட்டு இருக்கும். அப்புறம் மஞ்சப் புழு காப்பிக்கொட்டை நிறத்துல விறைச்சு, இலையோட ஒட்டிக்கும். இதுக்கு மம்மின்னே பேரு. அதுல ஓட்டை போட்டு புதுக் குளவிங்க வெளிய வந்து அடுத்த புழுவ தேடப் போயிடும்.

சரி, ஒரு தடவ விட்டா போதுமா? அங்கதான் சிக்கல். வண்டு குளிர்காலத்த சருகுக்கு அடியில வளர்ந்த வண்டாவே தூங்கிக் கழிச்சிடும், குளவிக்கோ புழு வேணும், பனியில புழுவுக்கு எங்க போகும்? மொத்தமா செத்துடும். அதனால வருஷா வருஷம் புதுசா விடணும். நியூஜெர்சி விவசாயத் துறை லேப்ல இதுக்குன்னே பீன்ஸ் செடி வளர்த்து, அதுல வண்டு வளர்த்து, அந்தப் புழுவுல குளவி வளர்க்குறாங்க, பூச்சிய ஒழிக்க பூச்சிக்கே சோறு போடுற வேலை!

எனக்குப் பிடிச்சது நர்ஸ் பிளாட் ஐடியாதான். சோயா வயல் பக்கத்துல சின்னதா ஒரு துண்டு நிலத்துல முன்கூட்டியே பீன்ஸ் போட்டுடுவாங்க. தூக்கம் கலைஞ்ச வண்டு முதல்ல அங்க வந்து முட்டை வைக்கும், புழு வந்ததும் குளவிய அங்க விடுவாங்க, சோயாவுல புழு பெருகுற நேரத்துல குளவி ஏற்கெனவே பல மடங்காகி ரெடியா நிக்கும்.

[திரையில்: கத்திரி இலையோட அடிப்பக்கம்]

நமக்கு அந்தப் பனித் தொல்லை கிடையாது, இந்தக் குளவி இங்க இயற்கையாவே சுத்துது. அதனால மருந்து டேங்க தூக்குறதுக்கு முன்னாடி இலைய திருப்பிப் பாருங்க, மருந்து அடிச்சா குளவியும் சேர்ந்து சாகும். மஞ்சளா முள்ளு முள்ளா நகர்றத பொறுக்கி எடுத்துடுங்க. பழுப்பா விறைச்சுக் கிடக்குறத மட்டும் நசுக்காதீங்க, உள்ள 20 பேர் இருக்காங்க.