ஆஸ்பத்திரியே கட்டின ஊரில பனங்கட்டிக்குக் கம்பஸ் எதுக்கு?

வணக்கம் உறவுகளே! கூட்டுறவுச் சங்கம் எண்டா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கூப்பன், சங்கக்கடை, மண்ணெண்ணெய் வரிசை. ஆனா எங்கட யாழ்ப்பாணத்தில கூட்டுறவுக்காரர் ஆஸ்பத்திரியே கட்டினவை, தெரியுமோ? மூளாய் கூட்டுறவு ஆஸ்பத்திரி, 1930களில தொடங்கினது. வீரசிங்கம் மண்டபத்தின்ர பேரும் ஒரு கூட்டுறவாளரின்ர பேர்தான். அப்பிடிப்பட்ட ஊரில, பனங்கட்டி செய்யிற சங்கங்களுக்குக் கம்பஸ் எப்பிடி உதவலாம் எண்டதுதான் இண்டைக்குக் கதை.

[திரையில்: மூளாய் ஆஸ்பத்திரி வாசல்]

வரலாறு ஒரே மூச்சில. இலங்கையில கூட்டுறவுச் சட்டம் 1911. சீவல் தொழிலாளரின்ர, அதாவது பனை ஏறிக் கள்ளும் கருப்பநீரும் இறக்கிறவையின்ர சங்கங்கள் 1972. எங்கட கம்பஸ், இப்பத்தைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், வளாகமாத் தொடங்கினது 1974. அதின்ர விவசாய பீடம் 1990, அதுவும் கிளிநொச்சியில. யுத்தத்தில இடம்பெயர்ந்து, பிறகு திரும்பிப் போய் இப்ப அறிவியல்நகரில இருக்குது. சரி, இது சோதனைக்கு வராது, விடுங்கோ.

இனித்தான் விசயம். கம்பஸ் சங்கத்துக்கு உதவுது எண்டா வழக்கமா என்ன நடக்கும்? ஒரு பனர், ஒரு குத்துவிளக்கு, றோல்ஸ், குறூப் போட்டோ. பின்னேரம் எல்லாரும் வீட்ட. எனக்கு இதில துளியும் நம்பிக்கை இல்லை.

பனைக்கு வாங்கோ. பாளையைச் சீவி முட்டி கட்டுவினம். வெறும் முட்டியில இறங்கினது சில மணித்தியாலத்தில புளிச்சுக் கள்ளாயிடும். அதே முட்டிக்கு உள்பக்கம் சுண்ணாம்பு பூசிவிட்டா? கருப்பநீர், அதாவது புளிக்காத இனிப்புச் சாறு! காய்ச்சினாப் பனங்கட்டி. இங்கதான் சிக்கல். சுண்ணாம்பு குறைஞ்சா புளிப்பு ஏறி, சீனி உடைஞ்சு, பனங்கட்டி இறுகாது. கூடினாக் கறுத்து, சுண்ணாம்புச் சுவை நாக்கில ஒட்டும். அனுபவமுள்ள ஐயாமார் நாக்கில ஒரு துளி வைச்சே சொல்லிப்போடுவினம். ஆனா சங்கம் எண்டா பலபேரின்ர முட்டி ஒரே தாச்சிக்குள்ள போகுது. ஒருத்தரின்ர முட்டி பிழைச்சா முழுத் தாச்சியும் போச்சு, காசு மட்டும் எல்லாருக்கும் ஒரே விலை. கவனமாச் சீவினவருக்கு வயிறு எரியாதோ?

இப்ப குஜராத்துக்குப் பறப்பம். ஆனந்த் ஊர், 1946, பால்காரரின்ர சங்கம். அமுல் எண்டா விளங்கும். அங்க பாலை அளந்து மட்டும் காசு குடுக்கேல்லை, கொழுப்பையும் பாத்துத்தான் குடுத்தவை. நல்ல பாலுக்குக் கூடின காசு, அதுவும் எல்லாற்ற கண்ணுக்கும் முன்னால. இன்னும் கேளுங்கோ: சங்கங்களை நடத்த ஆக்கள் வேணுமெண்டு 1979இல அங்க ஒரு கிராமிய முகாமைத்துவ நிறுவனமே தொடங்கினவை! எனக்கு இதுதான் உச்சம்.

எங்களுக்கும் இதே கணக்குத்தான். கைதடியில பனை ஆராய்ச்சி நிறுவகம் இருக்கு, கிளிநொச்சியில விவசாய பீடம் இருக்கு, முகாமைத்துவம் படிக்கிற பிள்ளையள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில, கம்பஸில இருக்கினம். கருப்பநீர் சேர்க்கிற இடத்தில புளிப்பு அளக்கிற ஒரு பீஎச் மீற்றர், இனிப்பு அளக்கிற ஒரு கருவி, அதைப் பிடிக்கப் பழகின ஊர்ப்பிள்ளை ஒண்டு. அளவுக்கேத்த விலை. பக்கத்தில கணக்குப் புத்தகம் பாக்க ஒரு மாணவர், ஒருநாள் இல்லை, சீசன் முழுக்க. கடன், ஏற்றுமதி, லேபல் எல்லாம் அதுக்குப் பிறகு கதைப்பம்.

உங்கட வீட்டில சீவல் தொழில் தெரிஞ்ச ஐயாமார் இருந்தா, ஒரு முட்டிக்கு எவ்வளவு சுண்ணாம்பு பூசுவினம் எண்டு கேட்டுக் கமென்டில போடுங்கோ. வடமராட்சிக்காரரும் தீவுக்காரரும் கட்டாயம் சண்டை பிடிப்பினம், அதைப் பாக்கத்தான் நான் காத்திருக்கிறன்.