கணவாய்க்குள் 500 கோடி எழுத்து! அதிலும் ஒரு தில்லாலங்கடி வேலை!

(திரையில்: உவரிக் கடற்கரை, ஏலத்துக்குக் கொட்டிய கணவாய்)

வணக்கம் மக்களே! உவரி, கூத்தன்குழி, இடிந்தகரைப் பக்கம் கரையேறும் ஓட்டுக் கணவாயை நீங்கள் குழம்பில்தான் அதிகம் சந்தித்திருப்பீர்கள். மூன்று இதயம், நீல ரத்தம், நத்தைக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் நான் இன்றைக்குச் சொல்லப்போவது அதையெல்லாம் மிஞ்சிய சங்கதி. தள்ளிவிடாமல் பாருங்கள்.

ஒரு உயிரின் மொத்த டிஎன்ஏதான் ஜீனோம். டிஎன்ஏவில் வரிசையாகக் கோத்திருக்கும் வேதித் துணுக்குகளைத்தான் ‘எழுத்து’ என்கிறேன். நம்முடையது சுமார் 300 கோடி எழுத்து. இதுவரை படித்த கணவாய் இனங்களில் அது 500 கோடியைச் சுற்றி வருகிறது. ஒரே மாதிரி வரிகள் திரும்பத் திரும்ப வருவதால், துண்டு துண்டாகப் படித்ததைச் சேர்த்து அடுக்குவது பெரும்பாடு. கணவாயும் ஆக்டோபஸும் சேர்ந்த இந்தக் கூட்டத்தில் முதலில் படிக்கப்பட்டது ஆக்டோபஸ், 2015-இல். சரி, விஷயத்துக்கு வருவோம்.

(திரையில்: டிஎன்ஏ, அதன் கீழே ஆர்என்ஏ)

உங்கள் வீட்டுப் பீரோவில் மூலப் பத்திரம் இருக்கிறது. வேலைக்கு வெளியே போவது நகல்தான். டிஎன்ஏ அந்த மூலம், ஆர்என்ஏ நகல். நகலைப் பார்த்துத்தான் செல் புரதம் செய்கிறது. கணவாய் என்ன செய்கிறது தெரியுமா? மூலத்தைத் தொடாமல், நகலில் எழுத்தைத் திருத்துகிறது! அடினோசின் என்ற எழுத்து இனோசின் ஆகிறது. வேறு புரதம் பிறக்கிறது.

நம் உடம்பிலும் இந்தத் திருத்தம் உண்டு, ஆனால் புரதத்தையே மாற்றுவது மிகக் குறைவு. கணவாய், ஆக்டோபஸ் கூட்டத்திலோ பல்லாயிரம் இடங்களில் நடக்கிறது, அதுவும் நரம்பு மண்டலத்தில்தான் அதிகம். ஜோஷுவா ரோசென்தால், எலி ஐசன்பர்க் என்ற விஞ்ஞானிகளின் குழுவினர் 2017-இல் இதை வெளியிட்டார்கள். 2023-இல் இன்னொரு அதிசயம்: தண்ணீர் குளிர்ந்ததும் ஆக்டோபஸ் 13,000-க்கும் மேற்பட்ட இடங்களில் திருத்தத்தைக் கூட்டிவிடுகிறது. குளிருக்குத் தக்கபடி நரம்புப் புரதத்தை மாற்றிக்கொள்கிறது, மக்களே!

இதற்கு ஒரு விலையும் உண்டு. திருத்தும் நொதிக்கு இடம் தெரிய, சுற்றியுள்ள எழுத்துகள் மாறாமல் இருக்க வேண்டும். அதனால் அந்தப் பகுதிகளில் டிஎன்ஏ மெதுவாகத்தான் மாறியிருக்கிறது. தலைமுறை தலைமுறையாக வரும் மாற்றத்தை விட்டுக்கொடுத்து, அன்றன்றைக்குத் திருத்தும் வசதியை வாங்கியிருக்கிறது. எனக்கு இதுதான் இந்தக் கதையிலேயே பெரிய வியப்பு.

இப்போது ஜீனோம் ஏன் அவசியம் என்று புரிகிறதா? மூலம் கையில் இல்லாமல் நகலில் எது திருத்தம் என்று எப்படிச் சொல்வது? ஒரே கணவாயின் டிஎன்ஏவையும் ஆர்என்ஏவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். ஆர்என்ஏவோ சீக்கிரம் சிதைந்துவிடும். ஏலம் முடிந்து, சந்தைக்கு வந்த கணவாய் அதற்கு உதவாது. பிடித்தவுடனே திசுவை எடுத்து உறைய வைக்க வேண்டும். அதனால் நெல்லை, தூத்துக்குடிக் கல்லூரிகளில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் படகுக்காரர்களோடு சேர்ந்து இறங்க வேண்டும் என்பது என் ஆசை. நம் மன்னார் வளைகுடாக் கணவாயை நாமே படிக்க வேண்டும்.

கடற்கரை ஊர்க்காரர்களே, உங்கள் பக்கம் எந்த மாதம் ஓட்டுக் கணவாய் அதிகம் படுகிறது, என்ன வலையில் படுகிறது? கமெண்டில் எழுதுங்கள். உயிரியல் படிக்கும் தம்பி, தங்கச்சி யாராவது இருந்தால் இந்த வீடியோவை அனுப்பிவிடுங்கள்.